சிலம்பின் மாணிக்கம் அரசன் வாயில் தெறித்தது ஏன்?

வணக்கம். முல்லைத்தீவுப் பக்கம் உயர்தரப் பிள்ளைகள் நாலு பேருக்கு மாலையில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு கிழமையாக ஒரு வரியில் சிக்கி நிற்கிறேன்.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் கண்ணகி சிலம்பை உடைக்க, 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே' என்கிறார் இளங்கோ. மாணிக்கம் அவளுடையது, முத்து அரசியுடையது என்பதோடு வழக்கு முடிந்துவிடுகிறது. அப்புறம் ஏன் அது வாயில் போய்ப் பட வேண்டும்? ஒரு பிள்ளை சொன்னாள்: "கொன்று அச்சிலம்பு கொணர்க என்று சொன்னது அந்த வாய்தானே சேர்." எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. (வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரிவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, கண்ணகியை விட்டுக்கொடுப்பாளா!)

ஆனால் பரீட்சையில் ஆதாரம் காட்ட வேண்டுமே. அடியார்க்கு நல்லார் உரை சரியாக இதற்கு முந்தின ஊர்சூழ்வரியோடு நின்றுவிடுகிறது. மற்றப் பழைய உரையான அரும்பதவுரையில் சொற்பொருளுக்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. கையிலிருக்கும் ரியூசன் குறிப்புகளில் ஒன்று சிலம்பை ஊழின் குறியீடு என்கிறது, மற்றது நீதி என்கிறது. வாயைப் பற்றி இரண்டிலும் பேச்சில்லை. நூலின் முகப்பான பதிகம் சொல்லும் மூன்று உண்மைகளில் 'அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாவதும்' என்பதோடு இது பொருந்துவதாக எனக்குப் படுகிறது. வருகிற வெள்ளி கட்டுரை எழுதவேண்டும்.

கொலை ஆணையிட்ட வாய் என்பதால்தான் மணி அங்கே தெறித்தது என்று எந்த உரையாசிரியராவது, ஆய்வாளராவது எழுதியிருக்கிறார்களா?