நிலவிலிருந்து கல்லெறிந்தால் பூமி பணிந்துவிடுமா?

பழைய_பேப்பர்:
கொஞ்ச நாளாகப் பழைய அமெரிக்க மலிவுப் பத்திரிகைகளில் வந்த விண்வெளிக் கதைகளைத் தேடித்தேடிப் படிக்கிறேன். குடியேற்றக்காரர்கள் பூமியை எதிர்த்துக் கிளம்பும் கதை என்றால் எல்லாம் ஒரே அச்சு. 1931ல் மைல்ஸ் பிரூயரும் ஜாக் வில்லியம்சனும் சேர்ந்து எழுதிய 'தி பர்த் ஆஃப் எ நியூ ரிபப்ளிக்' தொடங்கி 1966ல் புத்தகமாக வந்த ஹைன்லைனின் 'தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்' வரை, நிலவுக்காரர்களைப் பூமி சுரண்டுகிறது, பொறுத்துப் பார்க்கிறார்கள், அப்புறம் சுதந்திரப் பிரகடனம். ஹைன்லைன் அதற்கு வைத்த தேதி 2076 ஜூலை 4, அமெரிக்கா பிறந்து சரியாக 300 வருஷம்! அது போகட்டும், என் சந்தேகம் வேறு. மூச்சுக்காற்றைக்கூடத் தயாரித்துக்கொள்ள வேண்டிய ஒரு சின்னக் கூட்டம் மொத்தப் பூமியையும் ஜெயிப்பது சும்மா விட்ட ரீலா, இல்லை அதில் ஏதாவது கணக்கு இருக்கிறதா?

சுழியம்:
கணக்கு இருக்கிறது, அதுவும் நிலவுக்காரன் பக்கம்தான். பூமியின் பிடியிலிருந்து வெளியேற நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும், நிலவில் 2.4 போதும். அப்பல்லோவையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரோடு இங்கிருந்து கிளம்பிய சாடர்ன் 5 ராக்கெட் ஏறக்குறைய 2,900 டன், நிலவுத் தரையிலிருந்து இரண்டு பேரை மேலே கொண்டுவந்த கலம் 5 டன்கூட இல்லை. அங்கே காற்றும் கிடையாது என்பதால் ராக்கெட்டே இல்லாமல் மின்காந்தத் தண்டவாளத்தில் முடுக்கி வீசிவிடலாம். ஹைன்லைன் கதையில் பூமிக்குத் தானியம் அனுப்பும் எறிபொறியில்தான் பாறையை ஏற்றுகிறார்கள். இங்கே வந்து சேரும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர், ஒரு டன் கல்லுக்குக் கிட்டத்தட்ட 14 டன் டி.என்.டி. வெடிமருந்து வெடித்த ஆற்றல் (காற்றில் உரசிக் கொஞ்சம் வீணாகும்). மொட்டைமாடியில் நிற்பவனுக்கும் தெருவில் நிற்பவனுக்கும் நடக்கும் கல்லெறி சண்டை மாதிரிதான்.

ஓட்டை எங்கே என்றால், எறிபொறி ஓரிடத்தில் நீளமாகப் படுத்துக் கிடக்கிறது, தூக்கிக்கொண்டு ஓட முடியாது, ஒரு குண்டு சரியாக விழுந்தால் போச்சு. ஹைன்லைனுக்கும் அது தெரிந்திருக்கிறது, ரகசியமாக இன்னொன்றைக் கட்டிவைத்துவிட்டார். இன்று நிலவைச் சுற்றும் கேமராக்களின் கண்ணில் படாமல் அதையெல்லாம் கட்டுவது, ம்ஹூம்.

நீர்க்கணக்கு:
சுழியம் சொல்வது சரி, ஆனால் எனக்கு அந்த நாவலில் சண்டையைவிடப் பிடித்தது தானியக் கணக்கு. இந்தியா உட்படப் பூமிக்கு மூட்டை மூட்டையாக ஏற்றுமதி ஆகிறது, ஒவ்வொரு மூட்டையோடும் நிலவின் தண்ணீரும் போகிறது, திரும்பி எதுவும் வருவதில்லை. இப்படியே போனால் 7 வருஷத்தில் பஞ்சக் கலவரம் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடுகிறது. கலகத்துக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? இன்னொன்று, அசிமோவின் 'தி மார்ஷியன் வே' (1952) படித்துப் பாருங்கள். பூமியின் தண்ணீரை ஏன் செவ்வாய்க்குக் கொடுக்க வேண்டும் என்று ஓர் அரசியல்வாதி கிளப்பிவிட, செவ்வாய்க்காரர்கள் துப்பாக்கியே எடுக்காமல் சனியின் வளையத்துக்குப் போய்ப் பெரிய பனிக்கட்டியைக் கொண்டுவருகிறார்கள், கடைசியில் வேண்டுமானால் உங்களுக்கும் விற்கிறோம் என்று பூமியிடமே சொல்கிறார்கள். என் கட்சி இதுதான்.

நிலவில் தண்ணீர்த் தடயம் இருப்பதை 2009ல் சந்திரயான்-1 தரவு காட்டிவிட்டது, ஆனால் நைட்ரஜனும் கார்பனும் அங்கே ரொம்பக் குறைவு. அவை இல்லாமல் பயிர் எங்கே வளரும்? கல்லெறியத் தெரிந்தவனும் உரத்துக்குப் பூமியிடம்தான் கையேந்த வேண்டும்.

பழைய_பேப்பர்:
அப்படியானால் பூமி குண்டே போட வேண்டாம், சரக்கை நிறுத்தினால் தீர்ந்தது. எனில் ஜெயிக்கவே வழியில்லை என்கிறீர்களா?

தெற்குக்காற்று:
வழி இருக்கிறது, ஆனால் கதைக்காரர்கள் அமெரிக்கா என்ற தப்பான நாட்டைப் பார்த்து எழுதிவிட்டார்கள் என்பேன். ஹைன்லைனின் நிலவு கைதிகளைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம், அப்படிப் பார்த்தால் அது ஆஸ்திரேலியா. 1788ல் முதல் கைதிக் கப்பல்கள் சிட்னியில் இறங்கின. 1804ல் சிட்னி பக்கத்துக் காசில் ஹில்லில் கைதிகள் கலகத்துக்குக் கிளம்பினார்கள், உடனே அடக்கிவிட்டார்கள். கடைசியில் 1901ல் ஒரே கூட்டாட்சி நாடானது, அதுவும் லண்டன் பாராளுமன்றம் போட்ட சட்டத்தால். போரும் இல்லை, பிரகடனமும் இல்லை, வருஷக்கணக்கில் மாநாடு, வாக்கெடுப்பு, வரைவு, திருத்தம். நிலவுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும், அங்கே உருப்படியாக உரம் தயாரிக்க ஆரம்பித்த பிறகு. ஆனால் இதைக் கதையாக எழுதி அனுப்பினால் அந்தக் காலத்து ஆசிரியர் தபால்தலைக் காசைக்கூடத் திருப்பித் தந்திருக்க மாட்டார்.