இல்லத்துப் பிள்ளைகளிடம் பழைய பாதிப்பைப் பற்றி எப்படிக் கேட்பது?

கவுன்சிலர்_கடலூர்:
இங்கே ஒரு பெண் பிள்ளைகள் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், எல்லாரும் 13 முதல் 17 வயது. எல்லாருக்கும் ட்ராமா ஸ்க்ரீனிங் (பழைய சம்பவங்களால் மனபாதிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது) முடித்து ஃபைலில் வைக்க வேண்டுமாம். கையில் கொடுத்திருப்பது ஏஸ் (சின்ன வயதில் பட்ட கொடுமைகளைப் பற்றிய) கேள்வித்தாள், மொத்தம் 10 கேள்வி. ஒரு பிள்ளை மூன்றாவது கேள்வி வந்ததும் (பாலியல் தொல்லை பற்றியது) பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, "இதெல்லாம் கமிட்டியிலயே சொல்லிட்டேன் மிஸ்" என்றாள் (குழந்தைகள் நலக் குழுவைச் சொல்கிறாள்). அதோடு நிறுத்திவிட்டேன். நீங்களெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

பாண்டி_சமூகப்பணி:
நிறுத்தியது சரி மேடம். ஏஸ் 1990களில் நடந்த அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது, 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சின்ன வயதில் நடந்ததைக் கேட்டு, பிற்காலத்தில் வந்த நோய்களோடு பொருத்திப் பார்த்தார்கள். இந்தப் பிள்ளைக்கு இன்று என்ன உதவி வேண்டும் என்பதை, எத்தனை கேள்விக்கு 'ஆம்' என்றாள் என்ற அந்த மதிப்பெண் சொல்லாது. இல்லத்துக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது எப்படியும் ஏறித்தான் இருக்கும், அப்புறம் யாரை முதலில் பார்ப்பீர்கள்?

என்ன நடந்தது என்று தோண்டாமல் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேளுங்கள். கிரைஸ்-8 என்று ஒரு சின்னக் கேள்வித்தாள் இருக்கிறது, 8 வயதுக்கு மேல், இலவசம். கடந்த 7 நாளில், நினைக்காதபோதும் அது நினைவுக்கு வந்ததா, அதைப் பற்றிய பேச்சையோ இடத்தையோ தவிர்த்தாளா, இவ்வளவுதான். மதிப்பெண் 17 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம், நோய் உறுதி என்று அர்த்தமில்லை. தூக்கமும் சாகத் தோன்றுகிறதா என்பதும் அதில் வராது, அதை நீங்களே நேரில், தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். சாகத் தோன்றுகிறது என்றால் அன்றே டாக்டர்.

தேவனாம்பட்டினம்_அக்கா:
வார்டனாக இருந்தவள் சொல்கிறேன்மா. சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் ஆள் மாற்றி ஆள் வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள், பிள்ளைகள் மனப்பாடப் பாட்டு மாதிரி ஒப்பிக்கப் பழகிவிட்டார்கள். அதனால் முதலில் ஃபைலைப் படி, கமிட்டியில் சொன்னதைத் திரும்பக் கேட்காதே. ராத்திரி டியூட்டி அக்காவிடமும் கேள். விளக்கை அணைக்க விடாதவள், சோற்றைத் துணிக்குள் ஒளித்து வைப்பவள், பின்னால் யாராவது வந்தால் துள்ளுகிறவள், எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். சண்டை போடுகிற பிள்ளையை எல்லாரும் கவனிக்கிறோம். வேலையெல்லாம் முடித்துவிட்டு, கூப்பிட்டால் மட்டும் பேசுகிற பிள்ளையைத்தான் எனக்குப் பயம்.

வக்கீல்_நெல்லிக்குப்பம்:
கேட்பதற்கு முன்னாலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: "நீ சொல்வது எல்லாமே என்னோடு நிற்காது." பாலியல் குற்றம் நடந்தது தெரிய வந்தால் போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் தண்டனை உண்டு. 'ரகசியம்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் போலீஸ் வந்து நின்றால் அந்தப் பிள்ளை இன்னொரு பெரியவரை நம்பவே மாட்டாள். ஏற்கெனவே வழக்கு நடக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவுன்சிலர்_கடலூர்:
நன்றி அக்கா, நன்றி சார். மதிப்பெண் அதிகம் வந்தால் எங்கே அனுப்புவது?

பாண்டி_சமூகப்பணி:
அதை முடிவு செய்துவிட்டுத்தான் முதல் கேள்வியே கேட்க வேண்டும். கடலூர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் முன்கூட்டியே பேசி வையுங்கள், முடியாவிட்டால் பாண்டிச்சேரி ஜிப்மர் மருத்துவமனை. இரவில் அவசரம் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். ஃபைலில் மதிப்பெண்ணும் அடுத்து என்ன செய்தோம் என்பதும் போதும். அவள் சொன்ன விவரம் எல்லார் கைக்கும் போகிற ஃபைலில் வேண்டாம்.