மறு: ஸ்மோக்லெஸ் பவுடருக்கு தமிழ்ச்சொல் – "வெடி" வேண்டாம்னு நான் ஏன் சொல்றேன்

ஐயாவுக்கும் குழுவுல எல்லாருக்கும் வணக்கம்.

ஸ்மோக்லெஸ் பவுடருக்கு, அதாவது தோட்டாக்குள்ள இருந்து குண்டைத் தள்ளுற தூளுக்கு, தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்ங்கற இந்த இழையை நாலு நாளா படிச்சிட்டே இருக்கேன், இன்னிக்குதான் உக்காந்து பதில் எழுத முடிஞ்சுது. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

> "புகையற்ற வெடிமருந்து" என்பதே போதுமானது. வழக்கில் உள்ள சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, வழக்குல இருக்கறது உண்மைதான். ஆனா அந்தச் சொல்லை வச்சு ஒரு புது ஆளுக்கு மருந்து தேர்ந்தெடுக்கறது எப்படின்னு எழுதப் போய் நான் முதல் பக்கத்துலயே நின்னுட்டேன். நான் இருக்கறது அமெரிக்காவுல, ஒஹாயோல. சுட்டு முடிச்ச முப்பத்தெட்டு ஸ்பெஷல், ஒன்பது எம்எம்ங்கற கைத்துப்பாக்கித் தோட்டாக்களோட வெறும் கூடுகளை பொறுக்கிட்டு வந்து வீட்டு பேஸ்மென்ட்லயே மறுபடி தோட்டாவா ஆக்கிக்கிறேன், ஏழெட்டு வருஷமா. இங்க சொந்த உபயோகத்துக்கு இதுக்கு ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்ல, செஞ்சு வித்தாதான் தேவை. இப்ப ரெண்டு தமிழ் நண்பர்கள் கத்துக்க ஆரம்பிச்சிருக்காங்க, அவங்களுக்காக தமிழ்ல ஒரு சின்ன கையேடு எழுதலாம்னு உக்காந்தேன், அங்கதான் சொல் கிடைக்காம முட்டிக்கிட்டது.

"வெடி"யில எனக்கு என்ன சிக்கல்னா, இந்தத் தூளோட வேலையே வெடிக்காம இருக்கறதுதான். திறந்த இடத்துல ஒரு சிட்டிகை வச்சு பத்தவச்சா மஞ்சளா ஒரு தீ எழும்பி அடங்கிடும், சத்தம் வராது. ஒவ்வொரு மணியும் மேல்பரப்புல இருந்து உள்ள நோக்கி எரியுது. தோட்டாக்குள்ள அடைச்சு வச்சா வர்ற வாயு வெளிய போக வழியில்லாம அழுத்தம் ஏறுது, அழுத்தம் ஏற ஏற எரியற வேகமும் ஏறுது, அந்த வாயுதான் குண்டை முன்னால தள்ளுது. தள்ளுறதுதான் வேலை. வெடிமருந்துன்னு எழுதின உடனே நண்பரோட மனைவி "இதை குழந்தைங்க இருக்கற வீட்டுல வைக்கலாமா"ன்னு பயந்தாங்க. பூட்டி, சூடு படாம வைக்கணும்ங்கறது சரி, ஆனா அவங்க நினைச்சது குவாரியில பாறை தகர்க்கற சரக்கை.

அடுத்தது "புகையற்ற". 1884ல பிரான்ஸ்ல பால் வியே இதைக் கண்டுபிடிச்சப்ப, 1886ல இதை வச்சு சுடற லெபல் ரைஃபிள் வந்தப்ப, புகை இல்லாததுதான் பெரிய சேதி. கரிமருந்துல, அதாவது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10ன்னு சேர்த்த பழைய மருந்துல, நாலு சுத்து சுட்டா எதிர்ல நிக்கறவனே தெரிய மாட்டான். அன்னிக்கு அந்தப் பேர் பொருத்தம். இன்னிக்கு கடையில இருபது டப்பா முன்னாடி நின்னு எதை எடுக்கறதுன்னு முழிக்கறவனுக்கு இருபதுமே புகையற்றதுதான், அந்தப் பேர் அவனுக்கு ஒண்ணும் சொல்லல. போதாததுக்கு, மெழுகு தடவின ஈயக்குண்டு போட்டா இதுலயும் புகை வரத்தான் செய்யும். இன்னொருத்தர் சொன்ன "புகையிலாத்தூள்" வேண்டவே வேண்டாம், வேகமா படிக்கறவங்க அதை புகையிலைத்தூள்னுதான் படிப்பாங்க.

நீலகிரியில நம்ம அருவங்காட்டை பாருங்க. 1904ல இருந்து அங்க கார்டைட் பண்ணாங்க, 1889ல இங்கிலாந்துல ஏபலும் டிவாரும் செஞ்ச புகையற்ற மருந்து அது, கயிறு மாதிரி இழுத்து எடுக்கறதால அந்தப் பேர். குன்னூர் பக்கம் இன்னிக்கும் "கார்டைட் பேக்டரி"ன்னுதான் சொல்றாங்க. நூறு வருஷத்துக்கு மேல அந்த மருந்து நம்ம மலையிலயே இருந்தும் அதுக்குன்னு ஒரு தமிழ்ச்சொல் நிலைக்காம போச்சேன்னு எனக்கு உண்மையாவே வருத்தம் உண்டு.

என்னோட பரிந்துரை உந்துமருந்து. மகேந்திரகிரியில இஸ்ரோவோட "உந்தும வளாகம்"னு இருக்கறதால உந்துறதுங்கற கருத்து நமக்கு புதுசில்ல. "மருந்து"ன்னா மாத்திரைன்னு குழப்பம் வரும்னு ஒரு தம்பி எழுதியிருந்தாரு. சிவகாசியில மருந்து அறைன்னா யாரும் ஆஸ்பத்திரியை தேட மாட்டாங்க தம்பி. நாட்டுத்துப்பாக்கி வச்சிருந்த பெரியவங்க "மருந்து கெட்டிச்சாச்சா"ன்னு கேப்பாங்க, அந்த "கெட்டிக்கறது"ங்கற சொல்லே எவ்வளவு அழகு, சுட்ட கூட்டை மறுபடி தோட்டாவாக்கற ரீலோடிங்குக்கு மறுகெட்டிப்புன்னு வச்சா நம்ம சொல்லு நம்மகிட்டயே திரும்பி வந்த மாதிரி இருக்கும்.

இப்ப நான் முக்கியமா பேச வந்தது. இங்க இந்த மருந்துகளை ஃபாஸ்ட், ஸ்லோன்னு பிரிப்பாங்க. கைத்துப்பாக்கிக்கு மருந்து எடுக்கறவன் முதல்ல பாக்க வேண்டியதே அதைத்தான். நான் கையேட்டுல "வேகமான மருந்து, மெதுவான மருந்து"ன்னு எழுதினேன். நண்பர் படிச்சிட்டு "அப்ப வேகமான மருந்து போட்டா குண்டு வேகமா போகுமா"ன்னு கேட்டாரு. நிலைமை பெரும்பாலும் நேர்மாறு! புல்ஸ்ஐ, டைட்குரூப் மாதிரி சட்டுனு எரியற மருந்து கொஞ்சம் போட்டாலே அழுத்தம் உச்சத்துக்கு போய் இறங்கிடும், நீளம் கம்மியான துப்பாக்கிக் குழாய்க்கும் சாதா இலக்குப் பயிற்சிக்கும் அது போதும், மிச்சமும் ஆகும். நாப்பத்திநாலு மேக்னம்ங்கற பலமான தோட்டாவுல கனமான குண்டை முழு வேகத்துல அனுப்பணும்னா ஹெச்110 மாதிரி மெதுவா எரியறது நிறைய வேணும், அதுதான் குண்டு குழாயில நகர்ற வரைக்கும் விடாம தள்ளிக்கிட்டே இருக்கும். யோசிச்சிட்டு இருக்கும்போது எங்க ஆத்தா அடுப்படியில சொல்றது ஞாபகம் வந்துது, "ஓலை சட்டுனு எரிஞ்சுபோயிரும், புளிய விறகுதான் நின்னு எரியும்". அதுக்கு மேல என்ன வேணும்? சட்டெரி மருந்து, நின்றெரி மருந்து. இதை சொன்ன நிமிஷம் நண்பருக்கு புரிஞ்சுபோச்சு, குண்டோட வேகத்தோட குழப்பிக்கவே இல்ல. நடுவுல இருக்கற யுனிக் மாதிரி மருந்துக்கு இடையெரின்னு சொல்லிக்கலாம், பட்டியல் போட்டா எரிவேக வரிசை.

இந்த வித்தியாசம் தெரியாட்டி ஆபத்து. ஹெச்110ல, அதுவும் டபிள்யூ296ம் ஒரே மருந்துதான், ரெண்டு பேர்ல விக்கறாங்க, அளவை ஆசைக்கு குறைக்கக் கூடாது. விறகு கொஞ்சமா வச்சா தீ பிடிக்காத மாதிரி அது சரியா பத்தாம புஸ்ஸுன்னு போய் குண்டு குழாய்லயே மாட்டிக்கும், தெரியாம அடுத்ததை சுட்டா கதை வேற. அதனால அந்த நிகழ்வுக்கும் "குறைவெடிப்பு"ன்னு புதுசா பண்ண வேண்டாம், புஸ்தோட்டா போதும், பட்டாசு வெடிச்ச எந்தக் குழந்தைக்கும் தெரியும்.

> அண்ணை, எங்கட பக்கம் சுட்டாப் பிறகு விழுறதைக் கோது எண்டுதான் சொல்லுவினம், குண்டைச் சன்னம் எண்டும் சொல்லுறது.

தங்கச்சி, ரொம்ப நன்றி. நான் "கூடு"ன்னு எழுதிட்டு இருந்தேன், கோது அதை விட நூறு மடங்கு மேல். புளியங்கோதுன்னு நமக்கும் பழக்கம்தானே. நம்மூர் பேப்பர்ல தோட்டான்னா முழுசும் தோட்டா, குண்டும் தோட்டா, வெறும் கோதும் தோட்டா, மறுகெட்டிப்பு பண்றவனுக்கு அது ஒத்தே வராது. கோது, சன்னம், மருந்து, அடிபட்டா பொறி குடுக்கற கேப்பு (பிரைமர்), நாலும் சேர்ந்தா தோட்டா.

கோதுன்னு வந்ததால ஒண்ணு. முப்பத்தெட்டு ஸ்பெஷல் பொறந்த காலம் கரிமருந்துக் காலம், அதனால கோது உள்ள ரொம்ப விசாலம். அதோட அழுத்த வரம்பு 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு), சின்னக் கோது ஒன்பது எம்எம்முக்கு 35,000. அந்த விசாலமான கோதுல அடர்த்தியான சட்டெரி மருந்து மூணு நாலு கிரெய்ன் எடைக்கு போட்டா அடியில ஒட்டிக்கிட்டு இருக்கும், மறந்துபோய் ரெண்டாம் தடவை போட்டாலும் வழியாது. எனக்கு ஒரு தடவை அப்படி ஆச்சு. சன்னம் வைக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு அம்பது கோதையும் பாத்ததுல ஒண்ணுல மட்டும் மட்டம் ஒசரமா தெரிஞ்சுது, கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. அதுல இருந்து புதுசா வர்றவங்ககிட்ட கோதுல பாதிக்கு மேல நிறைக்கற மருந்தா எடுங்க, ரெண்டு தடவை போட்டா பொங்கி வழிஞ்சு அதுவே காட்டிக்குடுக்கும்னு சொல்றேன். டிரெய்ல் பாஸ்ங்கற மருந்து அப்படிப்பட்டது, ஒவ்வொரு மணியும் நடுவுல ஓட்டை வச்ச சின்ன வடை மாதிரி இருக்கும். இதை இங்க பல்கின்னு சொல்றாங்க, "பருமனான"னு ஒருத்தர் மொழிபெயர்த்திருந்தாரு. உப்பலான மருந்துன்னு சொல்லலாமே, பொரி உப்பலா இருக்கற மாதிரி, எடை கம்மி இடம் ஜாஸ்தி.

கிரெய்னை கிரெய்ன்னே விட்டுருங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன். "நெல்லெடை"ன்னு ஒரு பரிந்துரை வந்திருக்கு, கேக்க அழகாத்தான் இருக்கு, ஆனா கிரெய்ன்ங்கறது 64.8 மில்லிகிராம், 7000 சேர்ந்தா ஒரு பவுண்டு, தராசுலயும் கையேட்டுலயும் அதுதான் போட்டிருக்கும். ஊருக்கு ஊர் மாறின பழைய எடைப் பேரை அது மேல ஒட்டினா யாராவது தப்பா அளந்துருவாங்க. மருந்தோட மணியையும் இங்க கிரெய்ன்னுதான் சொல்றாங்க, அதுக்கு மட்டும் மணி, வடிவத்தைப் பொறுத்து செதில்மணி, உருண்டைமணி, குச்சிமணி. உருண்டைமணி அளவைக்குழாயில தண்ணி மாதிரி இறங்கும், பெரிய செதில் சிக்கிச் சிக்கி இறங்கறதால அளவு அப்பப்ப முன்னப்பின்ன ஆகும், இதுவும் தேர்வுல பாக்க வேண்டியதுதான்.

கடைசியா சிங்கிள் பேஸ், டபுள் பேஸ். இதை "இரட்டைக்கார"ன்னு போட்டிருக்கறது தப்புங்க, அமிலம் காரம்ல வர்ற காரம் இல்ல இது. நைட்ரோசெல்லுலோஸ் மட்டும்னா ஒருமூல மருந்து, அது கூட நைட்ரோகிளிசரினும் சேர்ந்தா இருமூல மருந்து.

ஐயா, புகையற்ற வெடிமருந்தை வரலாறு எழுதறப்ப வச்சுக்கலாம், அதுல எனக்கு மறுப்பில்ல. கையேட்டுல உந்துமருந்துன்னே போட்டு அடுத்த வாரம் முதல் வரைவை அனுப்பறேன். பிரைமருக்கு மட்டும் இன்னும் மனசு ஒப்பல, கேப்பு பேச்சுக்கு சரி, எழுத்துக்கு "பொறிமூடி"ன்னு ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன், தங்கச்சி பக்கம் அதுக்கு என்ன பேர்னு தெரிஞ்சா எழுதுங்க.

அன்புடன்,
ஒஹாயோக்காரன்