புதுப்பிப்பு: நாற்பத்தைந்துக்கு மேல் சிலம்பம்

ஜிம் சலித்துவிட்டது, விளையாட்டாக உடம்பை அசைக்க என்ன செய்யலாம் என்று போன வருடம் கேட்டிருந்தேன். பலர் சிலம்பம் என்றீர்கள். சேர்ந்தேன், இன்னும் விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஆசான் எடுத்ததும் கம்பைக் கொடுப்பதில்லை. காலடிதான். மண் தரையில் வெறுங்காலோடு முன்னே, பின்னே, பாதி திரும்பி மறுபடியும். எனக்குப் பெரிய லாபமே இதில்தான்: ஒற்றைக்காலில் நின்று செருப்பு மாட்டும்போது இப்போது கை சுவரைத் தேடுவதில்லை. அப்புறம் கம்பு சுழற்றல். வலது கைக்கு வருவது இடது கைக்கு லேசில் வராது. அதைப் பழக்குகிற நேரத்தில் வேறு நினைப்பே ஓடாது. சில நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை எதிரே நிறுத்துவார். கம்பும் கம்பும் 'டக்' என்று மோதுகிற சத்தத்துக்காகவே போகலாம்.

அடிபடுமா என்று கேட்டவர்களுக்கு: மணிக்கட்டையும் தோளையும் பார்த்துக்கொள்ளுங்கள். தசை சீக்கிரம் பலப்படும், அதை எலும்போடு இணைக்கிற தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும். அதனால் லேசான கம்பே போதும், கனத்துக்கு அவசரமில்லை. வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு. முதலாவது சிலம்பத்திலேயே வந்துவிடுகிறது. இரண்டாவதுக்கு வீட்டில் தண்டால், பஸ்கி. உடம்பு அசதியான நாளில் காலடி மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

சரி, கோவைப் பக்கம் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு இருந்தால் சொல்லுங்கள். தங்கை கேட்கிறாள்.