கவிதை வரியில் கதைத் தலைப்பு கிடைத்திருக்கிறதா? உங்கள் அனுபவம் என்ன?

பண்ணைக்காட்டான்:
அம்மாவை வைத்து எழுதிய கதை ஒன்று இரண்டு வருடமாகத் தலைப்பில்லாமல் கிடந்தது. 'அம்மா' என்றால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஆயிரம் கதை இருக்கும். 'மறதி' என்றால் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டின நோட்டீஸ் போல இருக்கிறது. அம்மாவுக்கு அப்போது ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. முதலில் காப்பிப்பழம் எடுக்க வருகிறவர்களின் பெயர், அப்புறம் அப்பா இறந்துபோனது, அப்புறம் அடுப்பை அணைக்க வேண்டும் என்பது.

கொடைக்கானலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வெள்ளி அருவிக்கிட்டே வண்டியை நிறுத்தினேன். அன்றைக்கு நல்ல தண்ணீர். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுரை வந்து மோதினால் "இந்தா வந்துருச்சு", கரைந்தால் "இந்தா போயிருச்சு". ஐந்தாறு தடவை. காலேஜில் படித்த குறுந்தொகை சட்டென்று வாய்க்கு வந்தது: 'கல்பொரு சிறுநுரை போல மெல்ல மெல்ல இல்லா குதுமே.' பாறையில் மோதும் சிறு நுரை போல மெல்ல மெல்ல இல்லாமல் போகிறோம் என்று அர்த்தம். உடனே மருந்துச் சீட்டைத் திருப்பி 'மெல்ல மெல்ல' என்று எழுதினேன். தலைப்பு கிடைத்துவிட்டதே என்று அவ்வளவு சந்தோஷம். "என்னய்யா எழுதுற, எனக்கா?" என்றாள். "கணக்கும்மா" என்றேன்.

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அந்தக் 'கணக்கும்மா' இன்னும் உறுத்துகிறது. உங்களில் யாருக்காவது இப்படி உண்டா?

ஏழுரோடு:
எனக்குச் சோகமெல்லாம் இல்லை, எரிச்சல்தான். 2018-ல் குறிஞ்சி பூத்தபோது குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் போயிருந்தேன். எல்லோரும் பூவோடு செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் தண்டு மேலேயே இருந்தது. 'சாரல் கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடன்' என்று பாடினவர் பூவின் நிறத்தைச் சொல்லவில்லை, கோலின் நிறத்தைச் சொல்கிறார். சாரலில் நனைந்த தண்டை விரலால் தேய்த்துப் பார்த்தேன், நிஜமாகவே கருப்பு. தேன் எடுக்கும் ஒருவரைப் பற்றி எழுதி 'கருங்கோல்' என்று தலைப்பு வைத்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். 'மலையோரம் ஒரு மனசு' என்று அச்சாகி வந்தது! இன்றைக்கும் சொந்தக்காரர்கள் "நீ எழுதின மலையோரக் கதை" என்றால் பற்றிக்கொண்டு வருகிறது.

கோத்தகிரி டீச்சர்:
பண்ணைக்காட்டாரே, நீங்களாவது உங்கள் கதைக்குத் தலைப்பு எடுத்தீர்கள். நான் அடுத்தவன் எடுத்ததைத் தப்பென்று அடித்தேன்.

நான் சமூக அறிவியல் டீச்சர். இலக்கிய மன்றக் கதைப் போட்டிக்கு ஆள் இல்லை என்று என்னை நடுவராக உட்கார வைத்துவிட்டார்கள். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், அவன் அப்பா சொந்த பிக்கப்பில் கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போவதை எழுதியிருந்தான். ராத்திரி மழை, வழியில் மண் சரிந்து கிடக்கிறது, ஏலம் தொடங்குவதற்குள் இறங்க வேண்டும். கதை அவ்வளவுதான். தலைப்பு 'ஓரேர் உழவன்'. சிவப்பு மையில் வட்டம் போட்டு 'மலையில் ஏது ஏர்? தலைப்பு பொருந்தவில்லை' என்று எழுதி, பத்துக்கு ஆறு போட்டேன்.

தாளை வாங்கிக்கொண்டு நின்றான். "ஏரு இல்லைங்க டீச்சர், அவசரம்" என்றான். எனக்கு என்ன புரிந்தது தெரியுமா? "அவசரம்னா போயிட்டு வா, அதுக்கு எதுக்குக் கேட்டுக்கிட்டு நிக்கிற" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் வெளியே போய் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தான்.

நாலு வருடம் கழித்து லைப்ரரியில் குறுந்தொகையைப் புரட்டும்போது பார்த்தேன். 'ஈரம் பட்ட செவ்விப் பைம்புனத்து ஓரேர் உழவன் போலப் பெருவிதுப்பு உற்றன்றால்.' ஒரே ஒரு ஏர் வைத்திருப்பவன், ஈரம் காய்வதற்குள் மொத்த நிலத்தையும் உழுதாக வேண்டும் என்று பதறுகிறான். விதுப்பு என்றால் அவசரம். ஒரே பிக்கப், ஒரே ராத்திரி. பையன் சரியாகத்தான் வைத்திருந்தான்.

மேல்குந்தா:
டீச்சர், வருத்தப்படாதீர்கள். எனக்கு என்னவோ இந்தப் பழக்கமே ஆங்கில நாவல்களிலிருந்து வந்ததாகத்தான் தோன்றுகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டைன்பெக் 1937-ல் பர்ன்ஸின் கவிதை வரியை எடுத்து நாவலுக்கு வைத்தார், நைஜீரிய எழுத்தாளர் அச்செபே 1958-ல் ஏட்ஸின் வரியை எடுத்தார். அதைப் பார்த்துத்தான் நம் ஆட்களும் சங்கப் பாட்டில் கை வைக்கிறார்கள். நானும் முயற்சி செய்தேன், உருளைக்கிழங்குக் குடோன் கதைக்குத் தலைப்பு வேண்டுமென்று ஒரு மாதம் அகநானூறு படித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் 'குடோன்' என்றே வைத்தேன்.

குன்னூர் பழைய புத்தகக்காரர்:
மேல்குந்தா தம்பி, இது ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று சொன்னதை மட்டும் விட மாட்டேன். பதிற்றுப்பத்தை எடுத்துப் பாருங்கள், சேர மன்னர்களைப் பத்துப் பத்துப் பாட்டாகப் பாடின சங்க நூல். முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை, மிச்சம் எண்பது பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் தலைப்பு உண்டு, அந்தந்தப் பாட்டுக்குள் இருக்கும் சொற்றொடரே தலைப்பு. 'புண்ணுமிழ் குருதி', 'நிரைய வெள்ளம்', 'துயிலின் பாயல்'. உ.வே.சா. அதை 1904-ல் பதிப்பித்தார். அச்செபே அப்போது பிறக்கவே இல்லை.

அதுபோகட்டும். பாட்டுக்கு மட்டுமா, ஆளுக்கே அப்படித்தான் பெயர். 'ஓரேர் உழவன்' பாடியவர் ஓரேருழவனார். 'கல்பொரு சிறுநுரை' பாடியவர் கல்பொரு சிறுநுரையார். இயற்பெயர் தெரியவில்லை, வரியே பெயராகிவிட்டது. அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார் எல்லாம் அதே வகை.

இனி தலைப்பு எடுக்கிறவர்களுக்குச் சிலது சொல்கிறேன். மூன்று சொல்லுக்கு மேல் போகாதீர்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்க்காமல் சொல்ல முடிந்தால் சரி. 'செம்புலப் பெயனீர்', 'யாதும் ஊரே' இரண்டையும் விட்டுவிடுங்கள், கல்யாணப் பத்திரிகையும் வரவேற்பு வளைவும் அவற்றை எடுத்துக்கொண்டுவிட்டன. சந்தியைப் பிரித்து எழுதுவதா சேர்த்து எழுதுவதா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள், அச்சுக்கோப்பவர் தலையில் கட்டாதீர்கள். கூற்று யாருடையது என்று பாருங்கள். பண்ணைக்காட்டார் எடுத்தது தலைவி காதலனைக் காணாமல் சொல்வது, பாட்டு 'காமம்' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. மகன் அம்மாவுக்கு வைக்கலாமா என்பதை யோசித்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, முழுப் பாட்டையும் படிக்காமல் ஒரு சொல்லைக்கூடத் தொடாதீர்கள்.

என் அனுபவம் கேட்டால், ஒரு தடவை பதிற்றுப்பத்திலிருந்து 'பூத்த நெய்தல்' என்று எடுத்துக் கல்யாணக் கதைக்கு வைத்தேன். பூவாயிற்றே என்று. அப்புறம்தான் படித்தேன், அது போரில் பாழாய்ப்போன நாட்டைப் பற்றிய பாட்டு.

மேல்குந்தா:
ஐயா, முழுப் பாட்டையும் படிக்காமல் தொடாதே என்று சொல்லிவிட்டுக் கடைசியில் போட்டீர்களே ஒரு போடு :) பதிற்றுப்பத்து விஷயத்தில் நான் தோற்றேன். ஆனால் அந்தத் தலைப்புகளைப் பாடினவரே வைத்தாரா, பின்னால் தொகுத்தவர் வைத்தாரா? தொகுத்தவர் என்றால் ஏழுரோட்டாரின் பத்திரிகை செய்ததும் அதுதானே?

ஏழுரோடு:
தொகுத்தவர் பாட்டுக்குள்ளிருந்து எடுத்தார். 'மலையோரம் ஒரு மனசு' என் கதையில் எந்த வரியில் இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்.

கூடலூர் பேத்தி:
எல்லோரும் புத்தகத்திலிருந்தே பேசுகிறீர்கள். அச்சில் இல்லாத வரியை என்ன செய்வது?

எங்கள் ஆயா, இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறீமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து இங்கே வந்தவர். அரசு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். வேலை செய்யும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு பாட்டை முணுமுணுப்பார், மூன்று நாலு வரிதான். அதிலிருந்து மூன்று சொல்லை எடுத்து நான் எழுதின முதல் கதைக்கு வைத்தேன். காலேஜ் மலரில் வந்தது. கொண்டுபோய் ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். தலைப்பை வாசித்தவுடனேயே முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. கட்டைவிரல் நுனியில் கொழுந்துக் கறை, வேலையை விட்டுப் பத்து வருடம் ஆகியும் போகாத கறை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எங்கம்மா ஒப்பாரி வச்சதுடி. தோட்டத்து லயத்து வீட்டுல என் தம்பி செத்தப்ப. இதையா பேர் வச்ச?"

திட்டவில்லை. கதை முழுக்க வாசிக்கச் சொன்னார், கேட்டார், நல்லா இருக்கு என்றார். அதற்கப்புறம் அந்தப் பாட்டை அவர் முணுமுணுத்து நான் கேட்கவே இல்லை. அந்தச் சொற்களை இங்கே எழுத மாட்டேன், கேட்காதீர்கள்.

புத்தகக்காரர் ஐயா சொன்ன 'கூற்று யாருடையது' என்பது எனக்குப் பொருந்தும். பண்ணைக்காட்டாருக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். காணாமல் போகிறவரைப் பார்த்துக் கரைகிறவர் சொல்வதுதானே அந்தப் பாட்டு?

குன்னூர் பழைய புத்தகக்காரர்:
அம்மா, அப்படிப் பார்த்தால் கரைகிறது மகன், தாய் இல்லை. சரி, அதுவும் ஒரு வாசிப்புதான். ஒத்துக்கொள்கிறேன்.

ஏழுரோடு:
டீச்சர், அந்தப் பையன் இப்போது எங்கே?

கோத்தகிரி டீச்சர்:
திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாக அவன் தங்கை சொன்னாள். நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு தடவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். என்னவென்று தொடங்குவது?

பண்ணைக்காட்டான்:
பாட்டு 'காமம்' என்று தொடங்குவது தெரியும் ஐயா, தெரிந்தேதான் எழுதினேன். கதையை இன்னும் எங்கேயும் அனுப்பவில்லை. பேத்தி சொன்னதைப் படித்துவிட்டுச் சீட்டைத் தேடி எடுத்தேன். ஒரு பக்கம் 'மெல்ல மெல்ல'. திருப்பினால் டாக்டர் எழுதினது: காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்.

டீச்சர், போன் எடுத்தால் முதலில் மார்க்கைத் திருத்திச் சொல்லுங்கள்.