புதுப்பிப்பு: யூட்டாவின் வெந்நீர்ச் சுனையில் முக்குளித்து வந்தேன்

கடலில் மட்டுமே ஸ்கூபா (காற்றுக்கலனுடன் முக்குளித்தல்) பழகிய எனக்கு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மிட்வே ஊரிலுள்ள ஹோம்ஸ்டெட் கிரேட்டர் வெந்நீர்ச் சுனை ஒத்துவருமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். இப்போது சென்று வந்துவிட்டேன்.

சுமார் 55 அடி உயரமுள்ள சுண்ணாம்புக்கல் குவிமாடத்துக்குள், அடிவாரத்தில் குடைந்த சுரங்கப்பாதை வழியே நுழைந்தால், உச்சித் துளையிலிருந்து விழும் ஒளியில் 65 அடி ஆழச் சுனை நீலமாகத் தெரிகிறது. மலைப்பனி உருகி நிலத்தின் ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, கரைத்து வந்த கனிமங்களை மேலே படியவைத்துப் பல்லாயிரம் ஆண்டுகளாக எழுப்பிய சுவர் இது என்று எண்ணியபோது மெய்சிலிர்த்தது.

நீர் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதால் குளிர் பற்றிய என் கவலை வீணாயிற்று. கவனிக்க வேண்டியது உயரமே. சுனை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் மேலே இருப்பதாலும், அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதாலும், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கடல்மட்டத்துக்கு வகுத்த முக்குளிப்பு அட்டவணையை அப்படியே பின்பற்றினால் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகும் ஆபத்து கூடும். சால்ட் லேக் சிட்டிக்குத் திரும்பும் நெடுஞ்சாலை இன்னும் உயரமான கணவாயைக் கடப்பதால், முக்குளித்த கையோடு வண்டியை எடுக்காதீர்கள். கடல்நீரைவிட நன்னீரில் மிதப்பு குறைவு, அமிழ்வதற்காக உடலில் கட்டிக்கொள்ளும் ஈயக்கட்டிகளையும் குறைத்துக்கொள்ளுங்கள்.