தனியாகப் பண்டைக் கிரேக்கம் கற்க எந்தப் பாடநூலில் தொடங்கலாம்?

கேள்வி:
பிளேட்டோவின் 'அப்பாலஜி'யை மூலமொழியிலேயே படிக்கும் விருப்பத்தால் பண்டைக் கிரேக்கம் கற்க முனைந்திருக்கிறேன். எழுத்துகள் பழகிவிட்டன. ஆசிரியர் கிடையாது, மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். 'ரீடிங் கிரீக்', 'அதெனாஸே', ஹான்சன்–குவின் ஆகியவற்றுள் எது எனக்குப் பொருந்தும்? புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் எளிது என்கிறார்களே, அதில் தொடங்கிப் பிறகு பிளேட்டோவுக்கு வரலாமா?

மறுமொழி 1:
தனியாகப் படிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, பயிற்சிகளுக்கு விடை கிடைக்கிறதா என்பதையே. அந்த வகையில் என் தேர்வு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1978இல் வெளியிட்டு 2007இல் திருத்திப் பதிப்பித்த 'ரீடிங் கிரீக்'. வாசிப்புப் பகுதிக்கு ஒரு நூலும் இலக்கணத்துக்கும் பயிற்சிக்கும் ஒரு நூலும் இருக்க, தனித்துப் பயில்வோருக்கென்றே மொழிபெயர்ப்பும் விடைகளும் கொண்ட கையேடு ஒன்றும் உண்டு. பாடங்கள் அரிஸ்டோபனீஸ், பிளேட்டோ, டெமாஸ்தனீஸ் போன்றோரின் எழுத்துகளைத் தழுவியவை என்பதால், நீங்கள் விரும்பும் ஆசிரியரின் நடை பாடநூலிலேயே அறிமுகமாகிவிடும்.

ஹான்சன்–குவின் சிறந்த நூல்தான். ஆனால் அது நியூயார்க்கில் நடந்த தீவிரக் கோடைக்கால வகுப்புக்காக உருவானது. தொடக்க அலகுகளிலேயே வினை வடிவங்கள் பெருந்திரளாக வந்து குவிவதால், அருகில் ஆசிரியர் இல்லாதவர் திணறிப்போவார்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை மறுக்கவில்லை. எனினும் 'அதெனாஸே'யையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன். டிக்கையோபோலிஸ் என்ற அட்டிக்கா (ஏதென்ஸைச் சூழ்ந்த பகுதி) உழவரின் குடும்பக் கதை, ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலப்பொனீசியப் போர் மூளும் காலப் பின்னணியில் தொடர்ச்சியாகச் செல்வதால், அகராதியை நாடாமலே பக்கங்கள் நகரும். அதன் குறை, இறந்தகால வினைகள் 11ஆம் அதிகாரத்தில்தான் வரத் தொடங்குகின்றன என்பதே. அதற்குள் நிகழ்கால வடிவங்கள் மட்டும் மனத்தில் ஊறிவிடுகின்றன.

மறுமொழி 3:
புதிய ஏற்பாடு பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். பிளேட்டோ எழுதிய ஏதென்ஸ் வட்டார மொழியான அட்டிக் கிரேக்கம் கற்றவர் புதிய ஏற்பாட்டுக்கு எளிதில் வந்துவிடுவார்; எதிர்த்திசைப் பயணம் கடினம். புதிய ஏற்பாட்டில் அரிதாகவே வரும் விருப்பப் பொருள் (optative) வினைவடிவங்களைப் பிளேட்டோ தாராளமாக ஆள்கிறார். அவருடைய வாக்கியங்களும் நீளமானவை. ஆகவே நேரே அட்டிக்கில் தொடங்குங்கள்.

தமிழ் வழியே வருவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'வீட்டை', 'வீடுகளை' இரண்டிலும் அதே ஐகார உருபைச் சேர்த்துப் பழகிய நமக்கு, ஒருமை-பன்மை எண்ணும் வேற்றுமையும் ஒரே விகுதிக்குள் கலந்துவிடும் கிரேக்கப் பெயர்ச்சொல் தொடக்கத்தில் புதிராகவே இருக்கும். எந்த நூலை எடுத்தாலும் ஒருமை, பன்மைப் பட்டியல்களை அசையழுத்தக் குறிகளுடன் வாய்விட்டுச் சொல்லி மனனம் செய்யுங்கள். விளக்கம் போதாத இடங்களில் மாஸ்ட்ரொனார்டியின் அட்டிக் கிரேக்க அறிமுக நூலைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். அந்நூலுக்கான பயிற்சிகள் இணையத்திலும் இருக்கின்றன.